ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துப் போகிறதா?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மொட்டை மாடியிலிருந்தே ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்) படம் பிடிக்கலாம். தொல்லை அதன் நடுப்பகுதிதான். டிரப்பீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம் அங்கே பளீரென்று எரிகிறது; சுற்றியுள்ள வாயுச் சிறகுகளோ ரொம்ப மங்கல். 2 நிமிட எக்ஸ்போஷரில் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) சிறகுகள் வரும், நடுப்பகுதி வெள்ளைத் திட்டாகிவிடும்.

அதனால் 2 நிமிடப் படங்கள் 30 எடுங்கள். அப்புறம் அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 5 முதல் 10 விநாடிப் படங்கள் 30. எல்லாமே ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருக்கட்டும். இரண்டு தொகுதிகளையும் தனித்தனியாக ஸ்டாக் செய்து (பல படங்களை ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி), குறுகிய எக்ஸ்போஷரின் நடுப்பகுதியை மட்டும் லேயர் மாஸ்க்கில் (எடிட்டிங் மென்பொருளில் ஒரு படத்தின் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வசதி) 2 நிமிடப் படத்தின் மேல் சேருங்கள். மாஸ்க்கின் ஓரத்தை நன்றாக மங்கலாக்குங்கள், ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது.

மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட் (பூமி சுழல்வதற்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் தாங்கி) இல்லையா? 2 நிமிடத்தை மறந்துவிடுங்கள், நட்சத்திரங்கள் கோடாக இழுத்துக்கொள்ளும்.