சமூக ஊடகத்தில் கடை விரிக்கும் முன்: ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று தேடிப் படிப்பது எப்படி?

தொழில் தொடங்கியதும் பலரும் முதல் வேலையாக ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் திறந்து லோகோவை ஏற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரமாவது எதையும் பதிவிடாமல், படிக்க மட்டும் செய்யுங்கள். உங்கள் பொருளைப் பற்றி ஜனங்கள் இணையத்தில் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதைக் கேட்காமல் நடுவில் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 செப்டம்பரில் நடந்தது ஓர் உதாரணம். 'நான் ஏன் விட்டு விலகாமல் இருந்தேன்' என்ற பொருளில் ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் ஓடியது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கள் வேதனையை அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற அமெரிக்க பீட்சா பிராண்ட் அதே ஹேஷ்டேக்கைப் போட்டு, 'பீட்சா இருந்ததால்' என்கிற மாதிரி ட்வீட் செய்தது. கண்டனம் குவிந்தது. ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று படிக்காமல் போட்டுவிட்டோம் என்று சொல்லி உடனே மன்னிப்புக் கேட்டார்கள். சில பதிவுகளைப் படித்திருந்தாலே தவிர்த்திருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்யும் தொழில் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: தேட வேண்டிய சொற்கள்

ஒரு தாளில் உங்கள் தொழிலின் பெயர், போட்டியாளர்களின் பெயர்கள், வாடிக்கையாளரின் தொல்லைகள் என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் 'மெம்பிரேன் மாற்றுதல்' என்பீர்கள். வாடிக்கையாளர் 'தண்ணி கசக்குது', 'சொட்டு சொட்டா வருது', 'மிஷின்ல சத்தம் வருது' என்றுதான் எழுதுவார். அவர் எழுதும் விதத்திலேயே தேடினால்தான் அவர் பேச்சு உங்களுக்குக் கிடைக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஏராளம், அதனால் அப்படியும் ஒருமுறை தேடுங்கள்.

படி 2: கூகுளில் தேடுவது

இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் பழைய தேடல்களின் சாயல் அதில் குறைவாக இருக்கும். சொல்லை அடிக்க ஆரம்பித்ததும் கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் மற்றவர்கள் தேடியவை.

சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வார்த்தைகள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி இல்லாமல் கழித்தல் குறி போடுங்கள். 'ஃபில்டர்' என்று தேடினால் போட்டோ ஃபில்டர் செயலிகளும் வந்து நிற்கும். போட்டோ என்ற சொல்லுக்கு முன் அந்தக் குறியைப் போட்டால் அவை பெரும்பாலும் விலகிவிடும். ஒரே தளத்துக்குள் தேட, சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, கோலன் வைத்து (site:), ஒட்டியே தள முகவரியை எழுதுங்கள். முடிவுகளைக் கடந்த ஓராண்டுக்குள் என்று சுருக்கிவிட்டால் பழங்கதை குறையும்.

ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் எப்போது ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். ஆனால் அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண், எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்த ஒப்பீடு மட்டுமே. எந்த மாதத்தில் ஆர்வம் ஏறுகிறது என்று பார்க்க அது போதும்.

படி 3: பேச்சு நடக்கும் இடங்கள்

யூடியூபில் உங்கள் துறை பற்றிய வீடியோக்களின் கமெண்ட்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் மேம்பட்ட தேடலில் தேதி வாரியாகத் தேடலாம். ஃபேஸ்புக் குழுக்கள், ரெட்டிட், கோரா ஆகியவற்றுக்கு உள்ளேயே தேடும் வசதி இருக்கிறது.

எனக்கு அதிகம் பயன்படுபவை ரிவ்யூக்கள், அதிலும் மூன்று நட்சத்திர ரிவ்யூக்கள். ஐந்து நட்சத்திரக்காரர் 'சூப்பர்' என்று முடித்துவிடுவார், ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் கொட்டித் தீர்ப்பார். மூன்று கொடுத்தவர்தான் 'வேலை சுத்தம், ஆனா வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு ஆள் வரல' என்று எது சரி, எது குறை என்று பிரித்துச் சொல்வார்.

அப்புறம், போட்டியாளர்களின் பதிவுகளுக்குக் கீழே பதில் கிடைக்காமல் கிடக்கும் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அவர்களுடைய விளம்பரங்களை எவரும் பார்க்கலாம். எப்போது ஓடத் தொடங்கின என்ற தேதியும் இருக்கும். மாதக்கணக்கில் ஓடும் விளம்பரத்தைக் கவனியுங்கள். பலன் இல்லாததற்கு யாரும் அவ்வளவு நாள் பணம் கட்ட மாட்டார்கள்.

படி 4: குறித்துவைப்பது

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, இடம், இணைப்பு, அவர் எழுதிய வரி, அது கேள்வியா புகாரா பாராட்டா என்பது. வரியை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்துப் போடுங்கள். திருத்தினால் அது உங்கள் பேச்சாகிவிடும். எழுதியவர் பெயர் தேவையில்லை. மூடிய குழுக்களில் படித்ததை வெளியே காட்டாதீர்கள். அங்கே நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 5: முடிவெடுப்பது

ஒரே விஷயத்தைச் சொல்லும் வரிகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள். எது அதிகம் என்று தானே தெரியும். ஆனால் இணையத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ரொம்ப மகிழ்ந்தவர்கள் அல்லது ரொம்ப நொந்தவர்கள். நடுவில் இருப்பவர்கள் அதிகம் எழுதுவதில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்த நாலைந்து வாடிக்கையாளர்களிடம் நேரிலும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த இடத்திலிருந்து அதிக வரிகள் கிடைத்தனவோ, அங்கே மட்டும் முதல் கணக்கைத் திறங்கள். எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் இறங்கினால் எதற்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. அதிகம் பேர் கேட்ட கேள்வி எதுவோ, அதற்கான பதிலே உங்கள் முதல் பதிவு. அவர்கள் கேட்ட வார்த்தைகளையே தலைப்பில் வையுங்கள். கூகுள் அலர்ட்ஸில் உங்கள் பெயரையும் முக்கியச் சொற்களையும் கொடுத்துவிட்டால், கூகுள் கண்ணில் படும் புதிய பக்கங்கள் மின்னஞ்சலில் வரும். சமூக ஊடகப் பேச்சு அதில் அவ்வளவாகச் சிக்காது, அதற்கு வாரம் ஒருமுறை நீங்களே போய்த் தேடிப் பாருங்கள்.