முற்றத்தை மூடிவிட்டு ஏசி வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீடுகள் பல இப்போது அலுவலகமாகிவிட்டன. எங்கள் கணக்கு அலுவலகமும் அப்படி ஒரு வீட்டில்தான் நடக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாக எதையாவது வாங்குகிறார்கள். அதற்கு முன்னால், இருப்பதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

கெடுப்பதில் பெரியது முற்றத்தை மூடுவது. புறா வருகிறது, தூசி விழுகிறது என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடுகிறார்கள். நாங்களும் போட்டோம். சூடான காற்று மேலேறிப் போக அந்தத் திறப்புதான் வழி. அதை அடைத்ததும் சித்திரை வெயிலில் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் உட்கார முடியவில்லை. சரி, ஏசி வாங்கினோம். ஏசிக்காக ஜன்னலைச் சாத்தினோம், ஜன்னலைச் சாத்தியதால் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. கரன்ட் பில்லைப் பார்த்த பிறகுதான் ஷீட்டைக் கழற்றிவிட்டுப் புறா வலை கட்டினோம். ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த வீடுகள் இவை. அந்தத் தண்ணீரையும் ஷீட் தடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் குழாய் இருந்தால் மட்டும் போதாது. ஐப்பசிக்கு முன்னால் வடிகட்டும் தொட்டியில் உள்ள கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும்.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்டோ பிளாஸ்டிக் பெயின்டோ பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொரிந்து உதிரும், வருடா வருடம் பெயின்ட் செலவுதான் மிஞ்சும். சுண்ணாம்பே அடியுங்கள்.

ஏசியே கூடாது என்று சொல்லவில்லை. வெயில் இறங்கும் மாடி அறைக்கு வேண்டியதுதான். அதை 18-இல் வைப்பதுதான் தவறு. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது ஒன்றிய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020-இலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன, அதிலேயே விட்டுவிட்டு ஃபேனையும் போடுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடும். சோலார் போடுவதாக இருந்தால், இப்படிச் செலவைக் குறைத்த பிறகு அளவெடுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் பேனல் வாங்குவீர்கள்.

அப்புறம் டீ. பேப்பர் கப் என்றால் காகிதம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அந்தப் பூச்சுக் கப்பும் ஒன்று. கடைக்குத் தூக்கு கொடுத்தனுப்புங்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவுகிற அக்காவுக்கு வேலை கூடுகிறது என்றால் அதற்குச் சம்பளமும் கூட்டிக் கொடுங்கள்.

எனக்கு மனம் பதறுவது இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில்தான். கூடக் கொஞ்சம் காசு கிடைக்கிறது என்று பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறோம். அவர் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? மழைத்தண்ணீர் தெருத் தெருவாக ஓடி ஊருணிக்குச் சேரும்படி அமைத்த ஊர்கள் இவை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.