போர்நிறுத்த உடன்படிக்கை எழுதப் போகிறீர்களா? ஆச்சேயையும் வன்னியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

"ஆயுதங்கள் கையளிக்கப்படும்" என்று மட்டும் எழுதிவிட்டு எழும்பாதீர்கள். எத்தனை, எப்போது, யாரிடம்? 2005 ஓகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும், அந்நாட்டின் ஆச்சே மாகாணத்துக்குத் தனிநாடு கேட்டுப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் (காம்) ஒப்பமிட்ட தாளில் 840 ஆயுதங்கள் என்று இருந்தது. செப்டெம்பர் 15இல் தொடங்கி டிசெம்பர் 31க்குள் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்தோடும் ஆச்சேக்கு வெளியிலிருந்து வந்த அரசுப் படையினரும் கப்பலேற வேண்டும். முடிவில் 14,700 இராணுவத்தினரும் 9,100 பொலிஸாரும்தான் மிஞ்சலாம். ஒரு தரப்பு முழுவதையும் கொடுத்த பிறகே மறு தரப்பு அசையும் என்று எழுதினால் முதலில் கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

எது ஆயுதம் என்பதையும் அதே பந்தியில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நாட்டுத் துப்பாக்கியும் துருப்பிடித்த குழலும் கணக்கை நிரப்ப வரும். காம் கொண்டுவந்து வைத்தது 1,018. வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழு 178ஐக் கழித்து 840ஐ ஏற்றது. ஏற்றதைக் களஞ்சியத்தில் பூட்டவும் இல்லை. முதல் நாள் பந்தா ஆச்சே மைதானத்தில் சனம் பார்க்கவே இரும்பறுக்கும் வாளால் அறுத்தார்கள்.

அடுத்தது, பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது. இலங்கை அரசும் வன்னியில் தளம் வைத்திருந்த விடுதலைப் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 உடன்படிக்கையில், அதற்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் அங்கிருந்த கண்காணிப்புக் குழுவின் தலைவருக்கு இருந்தது. சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன என்பதற்குத்தான் வரி இல்லை. முன்னரங்குகளுக்கிடையே குறைந்தது 600 மீட்டர் என்று அளந்தவர்கள் கடலை அளக்கவில்லை. கடற்புலிகளின் (புலிகளின் கடற்படை) படகு எங்கே ஓடலாம் என்பது கடைசிவரை சண்டைதான். ஆச்சேயில் குழுத் தலைவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது. அதற்கும் அடங்காவிட்டால் ஜகார்த்தா அமைச்சர், காம் அரசியல் தலைமை, நடுவராக இருந்த மார்ட்டி அஹ்திசாரியின் அமைப்பு என்று மேலே போக வழி இருந்தது.

கண்காணிப்பாளர் விலகினால் யார் வருவார் என்பதையும் எழுதுங்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும் சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்களை அவர்கள் வேண்டாம் என்றார்கள். இலங்கைக்குக் கண்காணிப்பாளர்களை அனுப்பிய ஐந்து நோர்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளில் நோர்வேயும் ஐஸ்லாந்துமே மிஞ்சின. 14 நாள் முன்னறிவிப்போடு யாரும் விலகலாம் என்ற சரத்தை 2008 ஜனவரியில் இலங்கை அரசு பயன்படுத்தியபோது, போர் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது.

பணத்தில் கவனம். ஆச்சே தாளில் போராளிகள் 3,000 பேர். பெயர்ப்பட்டியல் கொடுத்தால் ஆபத்து என்று காம் மறுத்தது. போராளிகளின் மறுவாழ்வுக்கான காசு தளபதிகள் கையால் போய், தாளில் இல்லாத பலருக்கும் பிரிந்து, ஆளுக்குச் சொற்பமே சேர்ந்தது. பட்டியலை மூன்றாம் தரப்பிடம் கொடுத்து வைக்கலாம். விதவைகளையும் ஆயுதம் தூக்காத உதவியாளர்களையும் முதலிலேயே எண்ணுங்கள்.

எல்லாச் சரத்துக்கும் திகதி போடுங்கள். ஆச்சே அரசியல் கைதிகளுக்கு 15 நாள் என்று எழுதியிருந்தது. பெரும்பாலோர் அந்த ஓகஸ்ட் மாதமே வெளியே வந்தார்கள். அதே தாளில் திகதியில்லாமல் விட்ட, போர்க்கால மீறல்களை விசாரிக்கும் உண்மை ஆணைக்குழுவின் உறுப்பினர்கள் பதவியேற்றது 2016இல்.