மசாலா ரம் லிக்யூருக்குச் சர்க்கரைப் பாகு வேண்டாம்

மசாலா ரம் லிக்யூரில் (மசாலா மணமும் இனிப்பும் சேர்த்த ரம் பானம்) காக்டெய்ல் கலக்கும்போது சர்க்கரைப் பாகை விட்டுவிடுங்கள். எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டுக் கலக்கி, ருசி பார்த்த பிறகு இனிப்பு போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கும் பொருந்தும் ஐரோப்பிய விதிப்படி, லிக்யூரில் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்கும். மேலே பாகும் ஊற்றினால் பட்டை, வனிலா வாசனையெல்லாம் அமுங்கிவிடும், பாவம். குளிரில் இனிப்பு குறைவாகத் தெரியும். அதனால்தான் ஐஸுக்கு அப்புறம் ருசி பார்க்கச் சொல்கிறேன். சந்தையில் கொம்பாவா (மணமான ஒருவகை எலுமிச்சை) கிடைத்தால் தோலைத் துளி துருவிப் போடுங்கள், மணம் தூக்கும்.

49 டிகிரி (அதாவது 49% ஆல்கஹால்) வெள்ளை ரம்மில் தி-பஞ்ச் (ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த சிறு பானம்) கலக்குவதற்கு இது பொருந்தாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை சேர்க்காமல் வீட்டில் பழம், மசாலா போட்டு ஊறவைத்த ரம்மான ரம் அராஞ்ஜேக்கும் அப்படித்தான்.