ஓபன் சில்லர் இருக்கும் கடையில் ஏசி டக்ட் எங்கே வர வேண்டும்?

சூப்பர் மார்க்கெட்டில் பால், தயிர், பன்னீர் அடுக்கி வைக்கும் கதவில்லாத சில்லரின் முன்னால் ஒரு காற்றுத்திரை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். மேல் விளிம்பிலிருந்து இறங்கும் குளிர்காற்று, அடியில் உள்ள கிரில் வழியாகத் திரும்ப உள்ளே போகும். கடைக் காற்றைத் தடுக்க அந்த மெல்லிய திரையைத் தவிர வேறு எதுவும் இல்லை. திரை ஒழுங்காக ஓடும்போதே சில்லரின் சுமையில் சுமார் 70 சதவீதம், கலந்து உள்ளே நுழையும் கடைக் காற்றால்தான் வருகிறது. அதன்மேல் ஏசி காற்றும் அடித்தால் திரை கலைந்துவிடும்.

"ஏசி காற்றும் குளிர்தானே, சில்லருக்கு நல்லதுதானே?" என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. இல்லை. டிஃப்யூசரில், அதாவது சீலிங்கில் ஏசி காற்று வெளிவரும் வாயில், வருவது 13, 14 டிகிரி காற்று. சில்லருக்குள் வேண்டியதோ 2 முதல் 4 டிகிரி. சில்லரைப் பொறுத்தவரை ஏசி காற்று சூடான காற்றுதான்.

சென்னை மாதிரி கடலோர ஊரில், டக்டபிள் ஏசி (டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாகக் குளிர்காற்றைக் கொண்டுபோகும் வகை) போட்ட நடுத்தரக் கடை ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு சுவர் முழுக்க ஓபன் சில்லர், நடுவில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர்கள்.

படி 1: டக்ட் வரைவதற்கு முன் சில்லரை வரையுங்கள்

பிளானில் ஒவ்வொரு சில்லரும் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: கம்ப்ரசர் கடைக்குள்ளா, வெளியிலா? பிளக்கில் சொருகும் வகை, தான் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் கடைக்குள்ளேயே வெப்பமாகக் கொட்டும். அதை ஏசி கணக்கில் கூட்ட வேண்டும். கம்ப்ரசரும், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் வெளியே இருந்தால் கதை தலைகீழ். சில்லரே கடையைக் குளிர்விக்கும், அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். கழிக்காமல் பெரிய டன் ஏசியைப் போட்டால் கடை சீக்கிரமே குளிர்ந்து ஏசியின் கம்ப்ரசர் கட் ஆகிவிடும், ஈரம் மட்டும் அப்படியே நிற்கும்.

படி 2: சப்ளை டிஃப்யூசர்

சில்லர் முகப்பில் குறுக்கே ஓடும் காற்று நொடிக்கு 0.25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிமிடக் கணக்கில் சுமார் 50 அடி. டிஃப்யூசர் கேட்லாக்கில் 'த்ரோ' என்று ஒரு தூரம் கொடுத்திருப்பார்கள், காற்று குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையும்வரை போகும் தூரம் அது. நிமிடத்துக்கு 50 அடி வேகத்துக்கான த்ரோவைப் பாருங்கள். டிஃப்யூசரிலிருந்து சில்லர் வரை உள்ள தூரம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டிஃப்யூசர் காற்று நேராகக் கீழே விழுவதில்லை. சீலிங்கை ஒட்டியே ஓடி, எதிர்ச் சுவரில் மோதி, அங்கேதான் இறங்கும். அந்தச் சுவரில் சில்லர் இருந்தால் காற்று சரியாக அதன் முகப்பில் விழும். தள்ளித்தானே வைத்திருக்கிறோம் என்று நினைத்து ஏமாந்துபோவது இதனால்தான். எனவே டிஃப்யூசரில் சில்லர் பக்கம் பார்த்த வேனை (காற்றைத் திருப்பும் தகடு) மூடி மூன்று பக்கம் மட்டும் ஊதும்படி செய்யுங்கள். சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏசி என்றாலும் இதே முறைதான்.

சப்ளை காற்றை மளிகை வரிசை, பில்லிங் கவுன்டர், வாசல் பக்கம் தாராளமாகக் கொடுங்கள். சில்லர் வரிசைக்குத் தனியாகக் கொடுக்கத் தேவையே இல்லை, அங்கே ஏற்கெனவே ஜில்லென்றுதான் இருக்கும். ஃப்ரீசருக்கு நேர் மேலேயும் டிஃப்யூசர் வேண்டாம். தொட்டிக்குள் அசையாமல் கிடக்கும் குளிர்காற்றை அது கிளறிவிடும். சுவர் ஃபேனைச் சில்லர் பக்கம் திருப்பி வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது இருக்கும்வரை மேலே சொன்னது எதுவும் பலிக்காது.

படி 3: ரிட்டர்ன் கீழே இருக்கட்டும்

கடைக் காற்றை ஏசிக்குத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில்லை வழக்கமாக ஃபால்ஸ் சீலிங்கில் வைப்போம். சில்லர் வரிசையில் அது வீண். சில்லரிலிருந்து வழியும் குளிர்காற்று கனமானது, தரையில் தேங்கும். பால் எடுக்க வருபவர்களுக்குக் கால் சில்லிடுவது இதனால்தான். பக்கத்துத் தூணை ஒட்டி பாக்ஸிங் செய்து டக்டைக் கீழே இறக்கி, தரையிலிருந்து ஓர் அடிக்குள் கிரில் வையுங்கள். தேங்கிய குளிர் ஏசிக்கே திரும்பிப் போகும், ஏசிக்கும் வேலை குறையும். கிரில் பெரியதாக இருக்கட்டும். சின்ன கிரில் வேகமாக இழுத்தால் அதுவே திரையைக் கலைக்கும். தரை மட்டத்தில் தூசி அதிகம் என்பதால் கழுவக்கூடிய ஃபில்டர் போடுங்கள், மாப் தண்ணீர் படாத உயரமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தெர்மோஸ்டாட்

சில்லர் வரிசையில் வேண்டாம். அங்குள்ள குளிரைப் பார்த்து ஏசி நின்றுவிடும், மற்ற இடம் புழுங்கும். மளிகை வரிசையில் ஐந்தடி உயரத்தில் வையுங்கள்.

படி 5: ஈரம்

சில்லர்களைப் பெரும்பாலும் 24, 25 டிகிரி வெப்பநிலை, 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் சோதித்துத்தான் கேட்லாக் போடுகிறார்கள். ஈரம் கூடினால் சில்லரின் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) பனி பிடிக்கும், அதை உருக்கும் டிஃப்ராஸ்ட் கூடும், ஃப்ரீசர் கண்ணாடி வியர்க்கும். ஈரத்தைச் சில்லர் எடுப்பதைவிட ஏசி எடுத்தால் கரன்ட் செலவு குறைவு. அதனால் வெளிக்காற்றை ஏசி காயில் வழியாக மட்டும் உள்ளே விடுங்கள். வெளியேற்றும் காற்றைவிட அது சற்று அதிகமாக இருந்தால், வாசல் திறக்கும்போது காற்று உள்ளிருந்து வெளியே போகும். பேக்கரி மூலையில் பெரிய எக்ஸாஸ்ட் ஓடினால் நேர்மாறாக, தெருவின் புழுக்கம் முழுவதும் உள்ளே வரும்.

படி 6: ஊதுபத்தி சோதனை

ஏசியும் சில்லரும் ஓடும்போது, ஊதுபத்தியைச் சில்லரின் மேல் விளிம்புக்கு அருகில் பிடியுங்கள். புகை முகப்பை ஒட்டி இறங்கி அடி கிரில்லுக்குள் போக வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கினாலோ நடைபாதைக்கு வந்தாலோ, எந்த டிஃப்யூசர் காரணம் என்று ஒவ்வொன்றாக டேம்பரை (டக்டில் காற்றை அடைக்கும் தகடு) மூடிப் பாருங்கள். உணவுப் பொருள் அருகே புகை வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் டிஷ்யூ பேப்பர் கீற்று போதும். அளந்து பார்ப்பதென்றால் காற்று வேகத்தைச் சூடான கம்பியால் அளக்கும் ஹாட் வயர் அனிமோமீட்டர் வாங்குங்கள். இவ்வளவு மெதுவான காற்றில் விசிறி வகை மீட்டர் சரியாகச் சுற்றாது. கோணல் தெரிந்தால் சில்லரைக் குறை சொல்வதற்கு முன், அடி கிரில்லை மறைத்து ஆஃபர் ஸ்டாண்ட் எதுவும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.