பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் மர அலங்காரங்கள் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், மணி, கைரேகைத் தட்டு என்று வீட்டிலேயே செய்ய உட்காரும்போது முதலில் தப்பாகப் போவது நேரக் கணக்கு. மாவு பிசைவது, காயவைப்பது, வண்ணம் பூசுவது, நூல் கோப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்க்கிறோம். மாவு காய மணிக்கணக்காகும். நாலு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காருவதே பெரிய விஷயம். இடையில் மாட்டிக்கொண்டு பெரியவர்கள் அவசரப்பட, ஈர மாவின் மேல் வண்ணம் ஏறி, பிள்ளை அழுவதில் போய் முடிகிறது. ஒரு நாள் பிசைந்து வெட்டட்டும், மறுநாள் வண்ணம், அதற்கடுத்த நாள் வார்னிஷும் நூலும் என்று பிரித்துக்கொண்டாலே பாதித் தவறுகள் நடக்காது.

உப்பு மாவுதான் பலரும் எடுக்கும் பொருள், அதிகம் கெடுவதும் அதுதான். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடியுப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பேக்கிங் பவுடர் கலந்த மாவு வேண்டவே வேண்டாம். சூட்டில் அது உப்பி, பிள்ளை ஆசையாகப் பதித்த கைரேகையை அழித்துவிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் போதும். அதைவிடத் தடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். பிறகு விரிசல் விடும்.

ஓவனில் வைப்பவர்கள் சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பார்கள். இதைச் சுடுவதாக நினைக்காமல் உலர்த்துவதாக நினையுங்கள். 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். 180-க்கு ஏற்றினால் கொப்புளம் வந்து பழுப்பேறிவிடும்.

துளையை மறந்துவிட்டு, காய்ந்தபின் ஊசியால் குத்தினால் உடைந்துதான் போகும். ஈரமாக இருக்கும்போதே ஒரு ஸ்ட்ராவை நேராக அழுத்தி, சற்றே திருகி எடுங்கள். உள்ளிருக்கும் மாவு ஸ்ட்ராவோடு வந்துவிடும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பின்பக்கம் பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு வார்னிஷ் பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பூசி விட்டுவிடுவது பரவலான தவறு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பூசாத பக்கம் வழியாகவே இளகத் தொடங்கும். இரு பக்கமும், ஓரமும், துளையின் உள்பக்கமும் பூச வேண்டும். அது பெரியவர்கள் வேலை.

பச்சை மாவில் கிருமி இருக்கலாம், வாயில் வைக்க விடாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம். அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு. காய்ந்த அலங்காரத்தைத் தின்றாலும் ஆபத்துதான். எட்டாத கிளையில் மாட்டுங்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பாசிமணி, பொத்தான், ஒட்டுவதற்கான குட்டிப் பொம்மைக் கண்கள் எதுவும் மேசையில் சிதறிக் கிடக்கக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. எல்லாவற்றிலும் கொடியது குட்டி விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிள்ளைகள் செய்யும் அலங்காரத்தில் அந்த விளக்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஜிகினாத் தூளையும் நான் ஒதுக்கிவிடுவேன். கையிலிருந்து கண்ணுக்குப் போய் உறுத்தும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக், கழுவினால் சாக்கடை வழியாக நீர்நிலைக்குப் போகும். உதிரியான பிளாஸ்டிக் ஜிகினாவை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. பளபளப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டினாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். சூடான பசைத் துப்பாக்கியும் அவர்கள் கைக்கு வரக் கூடாது. குறைந்த சூட்டு வகையே 120 டிகிரியை ஒட்டி இருக்கும். காகித வேலைக்கு வெள்ளைப் பசை போதும், ஆனால் மெல்லிசாகத் தடவ வேண்டும். நிறையப் போட்டால் காகிதம் நெளிந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தபின்னும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது: பிள்ளை தூங்கியதும் அதன் வேலையைத் திருத்துவது. கோணலான நட்சத்திரத்தை நிமிர்த்தி, கோட்டைத் தாண்டிய வண்ணத்தைத் துடைத்து வைப்பார்கள். காலையில் பிள்ளை பார்த்தவுடன் கண்டுகொள்ளும். அடுத்த முறை "நீயே செஞ்சு குடும்மா" என்று நகர்ந்துவிடும். அழகான மாதிரிப் படத்தை முன்னால் வைத்துவிட்டு ஆரம்பிப்பதும் இதே விளைவைத் தரும். படத்துக்குப் பதில் பொருட்களை எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வண்ணம் போதும், பத்துக் கிண்ணம் வேண்டாம்.

விழா முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பைக்குள் மொத்தமாகத் திணிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, கனமானவை அடியிலும் காகித வேலைகள் மேலேயும் வருமாறு கெட்டியான பெட்டியில் அடுக்கி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.