இலங்கையின் உலர் வலயத்தைக் குளக்கரை வழியாகச் சுற்றுவது எப்படி

இலங்கைக்குப் போகிறேன், எங்கெல்லாம் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்? தீவு சிறியது, ஆனால் மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு என்று கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் அநுராதபுரமும் பொலன்னறுவையும் கிழக்குக் கரையும் காய்ந்து கிடக்கும். இந்தப் பக்கத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தோடுதான், அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை.

ஒரே வாரத்தில் கடற்கரை, தேயிலைத் தோட்டம், யானை, கண்டி, காலிக் கோட்டை என்று தீவையே வளைத்துவிடும் திட்டங்கள் நிறைய விற்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பாதி நேரம் வேனுக்குள்ளேயே போய்விடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு வாரம் கிடைத்தால் அப்படிக் காய்ந்து கிடக்கும் இந்த உலர் வலயத்தில் மட்டும் இருங்கள். குளம் குளமாகப் போனால் போதும். சரித்திரம், காடு, மக்கள் வாழ்க்கை எல்லாம் அந்தக் கரைகளிலேயே இருக்கின்றன. ஏனென்றால் மழை சில மாதங்களே பெய்யும் நிலத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை என்ற பழைய தலைநகரங்கள் எழுந்ததே தேக்கிய தண்ணீரை நம்பித்தான்.

அநுராதபுரத்தில் தொடங்குங்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து வடக்கே போகும் ரயில் நேராகக் கொண்டுபோய் விடும், இருக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நகரம் பரந்து கிடப்பதால் வாடகைச் சைக்கிள் அல்லது ஓட்டோ. வெயில் ஏறுமுன் ஜேதவனாராமய தூபிக்குப் போய்விட வேண்டும். மகாசேன மன்னன் தொடங்கிய செங்கல் மலை அது. கட்டியபோது சுமார் 122 மீட்டர் உயரம், இன்று நிற்பது 71 மீட்டர் அளவு. ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். மகாசேனன் பெயரை நினைவில் வையுங்கள், மின்னேரியாவில் அவரை மறுபடி சந்திப்போம். ஸ்ரீ மகா போதி மரத்தடியில் அவசரப்பட வேண்டாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நட்ட அரச மரம் அது. நட்ட காலம் தெரிந்த மரங்களில் உலகிலேயே பழையது என்பார்கள். வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாக வந்து பூ வைப்பவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். சாயங்காலம் இசுருமுனியா விகாரையை ஒட்டியிருக்கும் திசாவாவி என்ற குளத்தின் கரைக்கு நடந்து போங்கள்.

திசாவாவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த நாள் வேலை. கலாவாவியிலிருந்து 87 கிலோமீட்டர் வளைந்து வரும் ஒரு கால்வாய், யோத எல. அதன் முதல் பகுதியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் சரிவுதான்! கருவி என்று பெரிதாக எதுவும் இல்லாத 5ஆம் நூற்றாண்டில் இதை எப்படி மட்டம் பார்த்தார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை. வெட்டுவித்தவர் தாதுசேன மன்னன். அவரைச் சிறைப்பிடித்த மகன் காசியப்பன், சேர்த்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டானாம். தாதுசேனர் கலாவாவிக்கு வந்து குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, என்னிடம் உள்ள செல்வம் இவ்வளவுதான் என்றாராம். பாளி நாளாகமம் சொல்லும் கதை இது. கரையில் நின்று இதைக் கேட்டுவிட்டு அப்புறம் சிகிரியா பாறைக் கோட்டைக்குப் போவதுதான் சரியான வரிசை. அப்பனைக் கொன்ற அதே காசியப்பன் கட்டியதுதான் சிகிரியா. வழியில் அவுக்கன புத்தரைப் பார்க்கத் தவறாதீர்கள். பாறையிலிருந்து செதுக்கி, முதுகுப்பக்கம் ஓர் ஒட்டு மட்டும் விட்டு நிறுத்திய, 12 மீட்டருக்கும் மேல் உயரமான சிலை. கிழக்கு பார்த்து நிற்பதால் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

சிகிரியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் போகிறார்கள். கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள், ஏறத்தாழ 1,200 படி. ஓவியங்களைப் படம் எடுக்கக் கூடாது. குளவிக் கூடுகள் இருக்கின்றன, அமைதியாக இருங்கள் என்ற பலகைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு, ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான். எனக்கு மேலே இருக்கும் அரண்மனைத் தரையைவிடக் கீழே உள்ள நீர்த் தோட்டம்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் அந்த நீரூற்றுகள் இன்றும் பீய்ச்சுகின்றன.

யானைக்கு மின்னேரியா. மகாசேனன் கட்டிய குளம் இது, அவரையே மின்னேரி தெய்வம் என்று கும்பிடும் கோயில் கரையோரத்தில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, வெளிவரும் சேற்றில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் அதைத் தேடி வரும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் இருநூறுக்கும் மேல் பார்க்கலாம். ஆனால் அண்மை ஆண்டுகளில் மேலேயுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் விடுவதால் ஆகஸ்டிலும் குளம் நிரம்பிக் கிடப்பதுண்டு. புல் மூழ்கினால் யானைகள் கவுடுல்லா குளத்துக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். அதனால் பூங்கா பெயரைச் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். அன்று காலை பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் ஓட்டுபவர்களிடம் நேற்று எங்கே நின்றன என்று கேட்டு, மூன்று மணி வாக்கில் கிளம்புங்கள். கூட்டத்தை மறித்து ஜீப்பை நெருக்க வேண்டாம் என்று ஏறுமுன்னே சொல்லிவிடுவது நல்லது. வாடிக்கையாளர் கேட்பார் என்று நினைத்துத்தான் பலரும் நெருக்குகிறார்கள்.

பொலன்னறுவைக்கு முழுதாக இரண்டு நாள் கொடுங்கள். டிக்கெட் வாங்கும் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். கூரையோடு இருந்தபோது கட்டடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகள் அங்கே உண்டு, அப்புறம்தான் வெறும் தூண்கள் கண்ணுக்குப் புரியும். கல்விகாரையின் 14 மீட்டர் சயன புத்தரை யாரும் தவறவிட மாட்டார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற இரண்டாம் சிவன் கோயில். சோழர் இங்கிருந்து ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் கல்லாலேயே எழுப்பியது, சுவரில் தமிழ்க் கல்வெட்டு, உள்ளே லிங்கம். வடக்கே தள்ளி இருப்பதால் பெரும்பாலான வேன்கள் நிற்பதில்லை. மற்றது தளதா மளுவ என்ற விகாரை வளாகத்தில், அடதாகே என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. சோழர் போன பிறகு, புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று தமிழ்ப் படைவீரர்கள் தமிழில் பொறித்து வைத்த உறுதிமொழி அது.

மாலையில் பராக்கிரம சமுத்திரம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பழைய குளங்களை இணைத்து விரித்தது, கரை மட்டும் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மழையில் ஒரு துளிகூட மக்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்றவர் அவர். கரையில் மருத மரம், தண்ணீரில் நாரையும் கூழைக்கடாவும். முதலையும் உண்டு, ஊர்க்காரர்கள் குளிக்கும் துறை தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

சில சில்லறை விஷயங்கள். கோயில், விகாரை, தூபி எங்கும் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். பகல் பதினொரு மணிக் கல்லில் வெறுங்கால் வெந்துவிடும், பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வையுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை இங்கே அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள். ஜூனில் பொசன் போயா வந்தால் அநுராதபுரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் வழியெங்கும் தன்சல் என்ற அன்னதானப் பந்தல்களில் இலவசச் சாப்பாடு. மற்ற நாளில் மதியச் சோற்றைப் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். தாமரைக் கிழங்குக் கறியும் குளத்து மீன் பொரியலும் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி என்ற கூந்தல் பனைப் பாகு. இங்கே சிங்களம்தான் அதிகம், முஸ்லிம் கடைகளில் தமிழ் நன்றாகவே எடுபடும்.

இருட்டிய பிறகு ஹபரணை – பொலன்னறுவை சாலையில் ஓட்டோவிலோ பைக்கிலோ போகாதீர்கள், யானை குறுக்கே வரும். நாள் மிச்சமிருந்தால் பொலன்னறுவையில் மட்டக்களப்பு ரயிலைப் பிடித்துக் கல்குடாவில் இறங்குங்கள். பாசிக்குடா கடற்கரை பக்கத்தில்தான், இந்த மாதங்களில் அங்கே கடல் அமைதியாக இருக்கும்.